இறங்கிப் பார்த்தால்தான் போர்டோ

பிரான்சின் ஒயின் நாட்டு ஆறுகளில் சொகுசுக் கப்பல்கள் நிதானமாக மிதக்கின்றன. அதே கரைகளில் திராட்சைக் கொடிகள் வேரோடு பிடுங்கப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பயணம்.

போர்டோ நகரின் கல்பாலத்தை நெருங்குகிறது கப்பல். மேல்தளத்தில் விரித்திருந்த நிழற்கூடாரங்களை ஊழியர்கள் மடக்கிவிட்டார்கள். கைப்பிடிக் கம்பிகளைப் படுக்க வைத்துவிட்டார்கள். கேப்டனின் அறையே மெல்லக் கீழே இறங்குகிறது. கூரைத் திறப்பு வழியாகத் தலையை மட்டும் வெளியே நீட்டியபடி அவர் கப்பலைச் செலுத்துகிறார். அடியில் கரோன் ஆறு, பால் விட்ட தேநீர் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறினால் கூரை இடிக்கும், கொஞ்சம் வற்றினால் அடி தட்டும். 1822-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் 17 வளைவுகளில் ஒன்றுக்குள் கப்பல் நுழைந்து வெளியேறியதும் பயணிகள் கைதட்டுகிறார்கள். உடனே கோப்பைகள் வருகின்றன.

அடுத்த நிறுத்தம் கதியாக். அங்கிருந்து பேருந்தில் ஏறி உள்ளூர்ச் சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் திராட்சை வரிசைகள் ஓடுகின்றன. சீப்பால் வாரியதுபோல ஒழுங்கு. திடீரென்று ஒரு வெற்று நிலம். மண் கிளறிக் கிடக்கிறது, ஓரத்தில் பிடுங்கிப் போட்ட கொடிக்கட்டைகள் குவிந்திருக்கின்றன. இன்னும் சற்றுத் தள்ளி, கவாத்து செய்ய ஆளில்லாமல் காடுபோல் வளர்ந்துவிட்ட தோட்டம். அதற்கு அடுத்து மறுபடியும் ஒழுங்கான வரிசைகள்.

ஐரோப்பிய ஆற்றுப் பயணங்களை இந்தியப் பயண முகவர்களும் இப்போது விற்கிறார்கள். பெட்டியை ஓர் அறையில் வைத்துவிட்டால் போதும், ஏழு இரவுகளுக்கு ஊர்கள் தாமே நம்மைத் தேடி வரும் என்பது அதன் கவர்ச்சி. பணி ஓய்வு பெற்றவர்களுக்கும், முழங்கால் வலியோடு விமான நிலையங்களில் ஓட முடியாதவர்களுக்கும் அது நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு போர்டோ நல்ல தேர்வுதான். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் போர்டோ, இன்றைய போர்டோவில் பாதி மட்டுமே. மீதிப் பாதியைப் பார்க்கக் கப்பலிலிருந்து இறங்கி நடக்க வேண்டும்.

கடல் போடும் அட்டவணை

ஐரோப்பாவின் மற்ற ஆற்றுப் பயணங்களுக்கும் போர்டோவுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ரைன், தன்யூப், ரோன் ஆறுகளில் மதகுப்பூட்டுகள் வழியாகக் கப்பல் படி ஏறி, படி இறங்கிப் போகும். இங்கே கப்பல் போகும் பாதையில் மதகு எதுவும் இல்லை. போர்டோ நகரம் அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும், கடலின் ஏற்றமும் வற்றமும் நகரைத் தாண்டியும் ஆற்றில் ஏறுகின்றன. நகரக் கரையில் நீர்மட்டம் ஒரே நாளில் ஐந்து மீட்டர் வரை மாறுவதுண்டு.

அதனால் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதைக் கப்பல் கம்பெனியைவிடக் கடல்தான் அதிகம் தீர்மானிக்கிறது. ஏற்றம் சரியாக அமையாவிட்டால் கல்பாலத்தைக் கடக்க முடியாது. அன்று கதியாக் பயணம் பேருந்துப் பயணமாகிவிடும். பெரிய ஏற்றம் வரும் நாட்களில், குறிப்பாகக் கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும், தோர்தோன் ஆற்றில் கடலலை ஒன்று ஆற்றை எதிர்த்து மேலேறி வரும். அதை அங்குள்ளவர்கள் மஸ்காரே என்கிறார்கள். சேன்ட் பார்தோன் என்ற சிற்றூரில் அந்த ஒற்றை அலையில் சறுக்குவதற்கென்றே பலகையோடு இளைஞர்கள் காத்துக் கிடப்பார்கள்.

ஆற்றின் கலங்கலைக் கண்டு முகம் சுளிக்கும் பயணிகள் உண்டு. அது சாக்கடைக் கலங்கல் இல்லை. மலையிலிருந்து வரும் வண்டலும் கடலிலிருந்து ஏறிவரும் நீரும் மோதுகிற இடத்தில் சேறு படியாமல் மிதந்துகொண்டே இருக்கிறது.

ஆறு செய்த நிலம்

கரோன் ஆறு ஸ்பெயின் பக்கத்துப் பைரனீஸ் மலையில் பிறக்கிறது. தோர்தோன் மத்திய பிரான்சின் பழைய எரிமலைப் பகுதியில் பிறக்கிறது. போர்டோவுக்கு வடக்கே அம்பேஸ் முனையில் இரண்டும் கூடி ஜிரோந்த் என்ற பெருங்கழிமுகமாகிக் கடல் வரை சுமார் 75 கிலோமீட்டர் நீள்கின்றன. மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய கழிமுகம் இது.

பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த ஆறுகள் மலைகளிலிருந்து உருட்டி வந்த கூழாங்கற்கள் இடது கரையில் மேடுகளாகப் படிந்தன. மெதோக் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியில் நெல்லோ கோதுமையோ செழிக்காது. தண்ணீர் நிற்காத அந்தச் சரளை மண்ணில் கேபர்நே சோவிஞ்ஞோன் திராட்சை வேரை ஆழமாக இறக்கும். பகலில் கல் சூடேறி, இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தரும். வலது கரையில், சேன்ட் எமிலியோன் பக்கம், களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அதிகம். அங்கே மெர்லோ ரகம்தான் ராணி.

ஆற்றின் உதவி மண்ணோடு முடிவதில்லை. 2017 ஏப்ரல் இறுதியில் வந்த உறைபனி போர்டோவின் அறுவடையைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது. அந்த ஆண்டிலும் கழிமுகத்தை ஒட்டிய தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. பரந்த நீர்ப்பரப்பு காற்றை உறையவிடாமல் காத்தது. தெற்கே சொத்தேர்ன், பார்சாக் பகுதியில் நடப்பது இன்னும் வியப்பானது. சிரோன் என்ற குளிர்ந்த ஓடை கரோனில் கலக்கும் இடத்தில் இலையுதிர் காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பழத்தின் மேல் ஒரு பூஞ்சை படர்கிறது. மதிய வெயில் பனியை விரட்டிவிடுவதால் பழம் அழுகிப் போகாமல் சுருங்கி, சர்க்கரை அடர்ந்துவிடுகிறது. ஒரே கொடிக்கு வாரக்கணக்கில் பலமுறை போய், சுருங்கிய பழங்களை மட்டும் கையால் தேர்ந்து பறிக்கிறார்கள். உலகின் புகழ்பெற்ற இனிப்பு ஒயின் அதிலிருந்து வருகிறது.

கப்பலில் வரும் ஒருவர் மதுவைத் தொடாதவராக இருந்தாலும் இந்தப் பயணம் அவருக்குப் பொருந்தும் என்பதற்கு இதுவே காரணம். மண்ணும் நீரும் வேளாண்மையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இங்கே ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாடம் இருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: கப்பல் நிற்கும் ஊர்கள்

போர்டோ: பிறை வடிவத்தில் ஆறு வளையும் துறைமுக நகரம். 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2016-ல் திறந்த ஒயின் அருங்காட்சியகமான சிதே து வேன் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

கதியாக்: கோட்டைச் சுவர் சூழ்ந்த சிற்றூர். சொத்தேர்ன், பார்சாக் தோட்டங்களுக்கு வாசல்.

போயாக்: மெதோக்கின் நடு ஊர். லஃபீத், லத்தூர், மூத்தோன் ஆகிய மூன்று முதல் தரத் தோட்டங்களும் இந்த ஊர் எல்லைக்குள்தான்.

பிளாய்: 17-ம் நூற்றாண்டில் ராணுவப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டை. எதிர்க்கரைக் கோட்டையோடும் நடுத்தீவுக் கோட்டையோடும் சேர்ந்து ஆற்றுக்குப் பூட்டுப் போட்டது. 2008-ல் யுனெஸ்கோ ஏற்பு.

லிபூர்ன்: தோர்தோன் கரையில், 13-ம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டிய ஊர். இங்கிருந்து சேன்ட் எமிலியோன் மிக அருகில். அதன் தோட்டப் பரப்பு 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

வழியில்: கரையோரம் மரக்கால்களில் நிற்கும் மீன்பிடிக் குடிசைகள். அவற்றிலிருந்து சதுர வலையை இறக்கி ஏற்றுவார்கள்.

61 பெயர்களின் நிழல்

1152-ல், போர்டோ அடங்கிய அக்கித்தேன் நாட்டின் எலியனோர், பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஹென்றியை மணந்தார். அதன் பிறகு 1453 வரை, மூன்று நூற்றாண்டுகள், இந்த நிலம் ஆங்கில மன்னர்களின் கையில் இருந்தது. போர்டோ ஒயின் கப்பலேறி உலகம் பார்த்தது அப்போதுதான். 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து மெதோக்கின் சதுப்பு நிலங்களை வடித்துக் கொடுத்தார்கள். 1855-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, போர்டோ தரகர்கள் சந்தை விலையை வைத்துத் தோட்டங்களைத் தரம் பிரித்தார்கள். சிவப்பு ஒயினுக்கான அந்தப் பட்டியலில் இன்று 61 பெயர்கள் இருக்கின்றன. அதன் முதல் வகுப்பில் நடந்த ஒரே மாற்றம், 1973-ல் மூத்தோன் தோட்டம் அதில் ஏறியதுதான்.

கப்பல் பயணிகள் பெரும்பாலும் இந்தத் தோட்டங்களின் மாளிகைகளுக்குத்தான் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். கோபுரங்கள், வெட்டிச் சீராக்கிய புல்வெளி, வரிசையாகப் படுத்திருக்கும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள். எல்லாம் அழகு, எல்லாம் உண்மை. ஆனால் போர்டோவில் திராட்சை பயிரிடுவோர் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கோபுரமும் இல்லை, பட்டியலில் இடமும் இல்லை.

பொக்லைன் வந்த தோட்டங்கள்

1960-களில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்கு 120 லிட்டர் அளவுக்கு ஒயின் குடித்தார். இன்று அது சுமார் 40 லிட்டர். தாத்தா மதியச் சாப்பாட்டோடு குடித்தார், அப்பா ஞாயிற்றுக்கிழமை குடித்தார், பேரப்பிள்ளை எப்போதாவது குடிக்கிறார். அதுவும் சிவப்பு ஒயினைவிட பீரையோ வெள்ளை ஒயினையோ நாடுகிறார். போர்டோவின் உற்பத்தியிலோ ஏறக்குறைய 85 சதவீதம் சிவப்பு. 2010-களில் வாங்கிக் குவித்த சீனச் சந்தையும் பிறகு சுருங்கிவிட்டது.

உடல்நலக் கோணத்தில் இந்தக் குறைவு நல்ல செய்தி. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. அதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஒரு நாடு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும்போது, அந்தப் பழக்கத்துக்காகத் தலைமுறைகளாக உழைத்தவர்கள் தனியாக விடப்படுகிறார்கள். அந்தச் சுமையை யார் தாங்குவது என்ற கேள்விதான் இன்று கரோன் கரையில் நிற்கிறது.

போர்டோவில் மொத்த விற்பனை தோனோ என்ற 900 லிட்டர் அளவில் நடக்கிறது. அதிலிருந்து 1,200 புட்டிகள் நிரப்பலாம். சாதாரண போர்டோ சிவப்பு ஒயினின் மொத்த விலை அண்மை ஆண்டுகளில் தோனோவுக்கு 700 யூரோ அளவுக்கும் அதற்குக் கீழேயும் விழுந்தது. கணக்குப் போட்டால், ஒரு புட்டி ஒயினுக்கு விவசாயிக்குக் கிடைப்பது 60 சென்ட்கூட இல்லை. உற்பத்திச் செலவே தோனோவுக்கு 1,000 யூரோவைத் தாண்டுகிறது என்கிறார்கள் விவசாயிகள். கட்டுப்படியாகாத கொள்முதல் விலையை அறிந்த எந்த விவசாயக் குடும்பத்துக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

2022 டிசம்பரில் திராட்சை விவசாயிகள் போர்டோ தெருக்களில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது விசித்திரமான ஒன்று: தங்கள் கொடிகளைத் தாங்களே பிடுங்குவதற்கு உதவித்தொகை. 2023-ல் அரசும் ஒயின் தொழில் அமைப்பும் சேர்ந்து 5.7 கோடி யூரோ ஒதுக்கின. ஹெக்டேருக்கு 6,000 யூரோ வீதம், 9,500 ஹெக்டேர் வரை பிடுங்கலாம் என்பது திட்டம். பராமரிப்பில்லாமல் விட்ட கொடிகளிலிருந்து நோய் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவுகிறது என்பதைத்தான் அதிகாரபூர்வக் காரணமாகச் சொன்னார்கள். அதே ஆண்டு, விற்காத ஒயினைக் காய்ச்சி வடித்துத் தொழிற்சாலைச் சாராயமாக மாற்ற நாடு முழுவதற்கும் 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று மொத்தம் 12 கோடி யூரோவுக்கு இன்னொரு பிடுங்கும் திட்டம், இம்முறை பிரான்ஸ் முழுவதற்கும்.

ஒரு கொடி நட்டு மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் விளைச்சல் தரும். நல்ல பராமரிப்பில் ஐம்பது ஆண்டுகூட நிற்கும். தாத்தா நட்டதைப் பேரன் பொக்லைன் வைத்துப் பிடுங்கும் காட்சிக்கு எந்த உதவித்தொகையும் ஈடாகாது. இந்த அடி அதிகம் விழுந்தது, கரோனுக்கும் தோர்தோனுக்கும் இடைப்பட்ட ஆந்த்ர-து-மேர் பகுதியில். கப்பலின் வட்டப் பாதைக்கு நட்டநடுவில் இருக்கும் நிலம் அது.

ஒரு நம்பிக்கைக் கீற்றும் உண்டு. 2024 பிப்ரவரியில் போர்டோ வணிக நீதிமன்றம், அநியாயமாகக் குறைந்த விலைக்கு ஒயின் வாங்கியதற்காக இரண்டு வணிக நிறுவனங்கள் ஒரு விவசாயிக்கு 3,50,000 யூரோவுக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அநியாயமாகக் குறைத்து விலை பேசுவதும் சட்டப்படி தவறுதான் என்று நீதிமன்றம் சொன்னது, விலை பேசும் மேசையில் விவசாயிக்குக் கொஞ்சம் முதுகெலும்பைத் தந்திருக்கிறது.

மாளிகைக்குப் பின்னால் இருக்கும் தெரு

போயாக் கரையில் இறங்குகிறவர்கள் உலகின் மிக விலை உயர்ந்த சில திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறார்கள். அந்த ஊரின் உள்தெருக்களில் மூடிக் கிடக்கும் கடைகளையும் பார்க்கலாம். மெதோக்கிலிருந்து பிளாய், லிபூர்ன் பக்கமாக வளைந்து தென்கிழக்கே போகும் ஒரு வறுமைப் பட்டையை, பிரான்சின் தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே வரைபடமாகவே காட்டியிருக்கிறது. கப்பலின் பாதையும் அந்தப் பட்டையும் பல இடங்களில் ஒன்றாகவே ஓடுகின்றன.

காரணம் எளிது. திராட்சைக்கு ஆண்டு முழுவதும் கை வேலை உண்டு. குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் கொடி கட்டுதல், கோடையில் இலை கிள்ளுதல், செப்டம்பரில் பறிப்பு. ஆனால் அந்த வேலை துண்டு துண்டாக வருகிறது. நிலையான சம்பளம் இல்லாத கூலிகள், ஒப்பந்தக்காரர்கள் மூலம் வெளிநாடுகளிலிருந்து வரும் பருவத் தொழிலாளர்கள் என்று பெரும் கூட்டம் இதை நம்பி வாழ்கிறது. ஒரு புட்டி ஆயிரம் யூரோவுக்கு விற்கலாம். அந்த விலை பறித்த கைக்குப் போய்ச் சேருவதில்லை.

மருந்து அடிப்பது இன்னொரு வலி. கடல் காற்றின் ஈரம் பூஞ்சை நோய்களை வளர்ப்பதால், போர்டோ கொடிகளுக்கு ஒவ்வொரு பருவத்திலும் பலமுறை மருந்து தேவைப்படுகிறது. 2014 மே மாதம் பிளாய் அருகே வில்நவ் கிராமத்தில், பள்ளிக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மருந்து அடித்தபோது 23 மாணவர்களும் ஆசிரியை ஒருவரும் உடல்நலக் குறைவுக்கு ஆளானார்கள். அதன் பிறகு பள்ளிகளுக்கு அருகே மருந்து அடிப்பது குறித்த விவாதம் நாடு முழுவதும் எழுந்தது. இயற்கை முறைக்கு மாறும் தோட்டங்கள் கூடின. ஆனால் மழை மிகுந்த ஆண்டில் இயற்கை முறை விவசாயிக்கு இழப்பும் கூடும். 2023-ல் அடிச்சாம்பல் நோய் மெர்லோ தோட்டங்களை வாட்டி எடுத்தது.

■ பெட்டிச் செய்தி: நம் தோப்புக்கு வந்த போர்டோ

தென்னையிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் பூஞ்சை நோய்க்கு நம் விவசாயிகள் தயாரிக்கும் போர்டோ கலவை இந்த மண்ணில்தான் பிறந்தது. 1880-களில், மெதோக்கின் சேன்ட் ஜூலியன் பகுதியில், சாலையோரக் கொடிகளில் பழம் திருடுபோகாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். அந்த வரிசைகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மியார்தே கவனித்தார். வேதியியலாளர் கயோனுடன் சேர்ந்து சோதித்து, 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். பூஞ்சைக்கொல்லிகளின் வரலாற்றில் அது பெரிய திருப்பம். இன்று அதே கரையில் வேறொரு கவலை: நூறாண்டுக்கும் மேலாகத் தெளித்த செம்பு மண்ணில் தங்கிவிட்டது.

வெயில் மாற்றும் விதிகள்

2022 ஜூலையில் போர்டோவுக்குத் தெற்கேயும் மேற்கேயும் பைன் காடுகள் எரிந்தன. லாந்திரா, லா தெஸ்த் ஆகிய இரு இடங்களில் மட்டும் 20,000 ஹெக்டேருக்கும் மேல் சாம்பலானது. புகை நகரத்தை மூடியது. அதே கோடையில், வளர்ந்த கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சக்கூடாது என்ற பழைய விதியைத் தளர்த்தி, சில பெயர்பெற்ற பகுதிகளுக்கே விதிவிலக்கு அனுமதி தர வேண்டியிருந்தது. மழையை மட்டுமே நம்பி விளைய வேண்டும் என்பது இந்த நிலத்தின் பெருமைகளில் ஒன்றாக இருந்தது.

வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை கூடும், ஒயினில் போதை கூடும், புளிப்பு குறையும். சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்கு இது பெரிய சோதனை. அதனால் 2021-ல் ஆறு புதிய ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் தூரிகா நசியோனல் என்ற போர்த்துகீசிய ரகமும் ஒன்று. ஒரு தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடுகளோடுதான் அனுமதி. எண்ணிக்கை சிறிது. ஆனால் எந்தக் கொடி எங்கே வளரலாம் என்று எழுதிவைத்து அதன் மேல் தன் பெயரையே கட்டியெழுப்பிய ஒரு நிலம், வெயிலைப் பார்த்துத் தன் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது.

கரையில் நிற்கும் பெண்

போர்டோ துறைமுகத்தின் பொன்னிறக் கல் மாளிகைகளைக் கப்பல் தளத்திலிருந்து பார்ப்பது கண்கொள்ளாக் காட்சி. அவை பெரும்பாலும் 18-ம் நூற்றாண்டில் எழுந்தவை. அந்தச் செல்வம் ஒயினால் மட்டும் வந்ததில்லை. கரீபியத் தீவுகளின் சர்க்கரை, காபி வணிகமும், அதற்குப் பின்னால் இருந்த அடிமை வணிகமும் சேர்த்துக் கட்டிய மாளிகைகள் அவை. போர்டோவிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 1,20,000-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடல் கடத்தின. நெடுங்காலம் பேசாமல் இருந்த நகரம், 2009-ல் அக்கித்தேன் அருங்காட்சியகத்தில் அதற்கென நிரந்தரக் கூடங்களைத் திறந்தது. 2019 மே 10 அன்று ஆற்றங்கரையில் மொதெஸ்த் தெஸ்தாஸ் என்ற பெண்ணின் சிலையை நிறுத்தியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, போர்டோ வணிகர்களால் விலைக்கு வாங்கப்பட்டு, இன்றைய ஹைத்தியில் அடிமையாக வாழ்ந்தவர் அவர்.

இந்தத் துறைமுகக் கணக்கில் தமிழர் உழைப்பும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி கப்பலேறி போர்டோவுக்கு வந்தது. இங்குள்ள வணிக நிறுவனங்கள் அதை மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு அனுப்பி, அங்கே பணம்போலவே புழங்கவிட்டு, கருவேலம் பிசினை வாங்கின. நம் நெசவாளியும் சாயக்காரரும் கண்ணால் காணாத நகரம் இது. அவர்கள் கைவேலை இந்தக் கரையில் இறங்கி ஏறியிருக்கிறது.

கப்பலின் காசு யாருக்கு?

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் போர்டோவின் ஆற்றங்கரை, பாழடைந்த கிடங்குகளும் வேலிகளுமாக மக்களுக்கு அடைத்தே கிடந்தது. சரக்குத் துறைமுகம் ஆற்றில் கடல் பக்கமாக நகர்ந்துவிட்டது. 1995-ல் மேயரான அலேன் ஜூப்பே காலத்தில் கரையைத் திறந்தார்கள். டிராம் வந்தது, 2006-ல் பழைய வணிகச் சதுக்கத்தின் எதிரே இரண்டு சென்டிமீட்டர் ஆழ நீர்க்கண்ணாடி வந்தது, 2017-ல் பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சத்தில் வரும் அதிவேக ரயில் வந்தது. ஆற்றுக் கப்பல்களும் 2010-களில் பெருகின. பெரிய நகரம் செழித்தது.

சிற்றூர்களுக்கு என்ன கிடைத்தது? கப்பலில் மூன்று வேளைச் சாப்பாடும், பெரும்பாலும் ஒயினும் கட்டணத்திலேயே அடங்கிவிடும். காலையில் பேருந்து ஏறி, மதியம் சாப்பிடக் கப்பலுக்குத் திரும்புகிறவர் லிபூர்ன் சந்தையில் ஒரு காபிக்குக்கூடக் காசு எடுக்க வேண்டியதில்லை. இந்த ஆறுகளில் ஓடும் கம்பெனிகளில் பிரெஞ்சு நிறுவனமும் உண்டு. ஆனால் பெரிய பெயர்கள் பல வெளிநாட்டில் தலைமையகம் கொண்டவை. உலா போகும் தோட்டங்களைக் கம்பெனிகளே தேர்ந்து ஒப்பந்தம் செய்கின்றன. நூறு நூற்றைம்பது பேரை ஒரே நேரத்தில் வரவேற்க இடம், கழிப்பறை, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி எல்லாம் தேவை. அந்த வசதி பெரிய தோட்டங்களிடம்தான் இருக்கிறது. ஆந்த்ர-து-மேரில் கடனோடு போராடும் குடும்பத்துக்கு அந்தப் பேருந்து வருவதே இல்லை.

அதே குடும்பம் வாசலில் வைத்து ஒரு புட்டியை எட்டு யூரோவுக்கு விற்றால், மொத்த விலையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கைக்கு வரும். புட்டி, தக்கை, உழைப்பு எல்லாம் கழித்தாலும் மிச்சம் நிற்கும். மொத்த வணிகத்தில் மூச்சு முட்டும் ஒருவருக்கு நேரடி விற்பனைதான் பிழைக்கும் வழி. தங்கும் அறைகள், சமையல் வகுப்பு, சைக்கிள் பாதை, தோட்டத்தில் ஒரு மதிய உணவு என்று பல சிறு தோட்டங்கள் இப்போது சுற்றுலாவை இரண்டாம் பயிராகச் செய்து பார்க்கின்றன. கொடிகளில் எவை நிலைக்கும் என்பதைச் சந்தையும் வெயிலும் மட்டும் முடிவு செய்யவில்லை. பேருந்து எந்த வாசலில் நிற்கிறது என்பதும் முடிவு செய்கிறது.

■ பெட்டிச் செய்தி: போக நினைப்பவர்களுக்கு

எப்போது: பயணக் காலம் வசந்தத்திலிருந்து நவம்பர் வரை. பறிப்பைப் பார்க்க செப்டம்பர் முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஏற்றது. ஆகஸ்ட் வெயில் கடுமை.

விசா: ஷெங்கன் விசா. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. கோடைப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

சாப்பாடு: சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். முட்டை, மீன் சேருமா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

குடிக்காதவர்கள்: தோட்ட உலாவில் ருசி பார்ப்பது கட்டாயமில்லை. சில தோட்டங்களில் திராட்சைச் சாறு தருவார்கள்.

கேட்க வேண்டியவை: உலாவில் எந்தத் தோட்டங்கள்? குடும்பத் தோட்டம் ஏதாவது உண்டா? நீர்மட்டம் ஒத்துழைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன?

கப்பல் இல்லாமலும்: போர்டோவில் தங்கி, உள்ளூர் ரயிலில் லிபூர்ன், சேன்ட் எமிலியோன், போயாக் போய் வரலாம். ஆற்றின் குறுக்கே பயணப் படகுகளும் ஓடுகின்றன.

பயணி செய்யக்கூடியது

நிதானமாகப் பயணிப்பது நல்ல விஷயம். ஆனால் நிதானம் என்பது தளத்து நாற்காலியில் சாய்ந்திருப்பது மட்டுமாக இருந்தால், அது அந்த நிலத்துக்கு எதையும் தருவதில்லை, நமக்கும் பெரிதாக எதையும் தருவதில்லை. ஒரு வாரத்தில் ஒரு மதியத்தைக் கம்பெனியின் உலாவிலிருந்து விலக்கி வையுங்கள். கதியாக்கிலோ லிபூர்னிலோ இறங்கி, அங்குள்ள சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு, பெயர் கேள்விப்படாத ஒரு தோட்டத்துக்குப் போங்கள். கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போங்கள். சந்தையில் சாப்பிடுங்கள். வாங்குவதாக இருந்தால் விளைவித்தவரிடமே வாங்குங்கள், விலையில் பேரம் வேண்டாம். மது வேண்டாம் என்பவர்களுக்குத் திராட்சைச் சாறும் தேனும் வால்நட்டும் கிடைக்கும்.

கம்பெனிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. கப்பல் நிறுத்தும் துறையை ஊர் தருகிறது. அதற்கு ஈடாக, உலாவில் ஒரு பங்கு சிறு தோட்டங்களுக்குப் போக வேண்டும் என்றும், கப்பல் சமையலறை உள்ளூரில் வாங்க வேண்டும் என்றும் ஊர் நிபந்தனை போடலாம். நூறு பேரை ஒரே இடத்தில் இறக்காமல், பத்துப் பத்துப் பேராகப் பத்து வாசல்களில் இறக்கலாம். செலவு சற்றுக் கூடும். அந்தச் செலவைத் தரப் பயணிகள் தயாராக இருக்கிறார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரிய வேண்டும். முன்பதிவுப் படிவத்தில் நாம் கேட்கும் கேள்விதான் அதைத் தெரிவிக்கும்.

சுற்றுலா போர்டோவின் எல்லாக் கொடிகளையும் காப்பாற்றாது. காப்பாற்றவும் வேண்டியதில்லை. குறைவாகக் குடிக்கும் உலகத்துக்குக் குறைவான ஒயின் போதும். ஆனால் மிஞ்சும் கொடிகள் 61 பெயர்களுக்குச் சொந்தமானவை மட்டுமாக இருக்குமா, இல்லை மண்ணோடு வாழும் சாதாரணக் குடும்பங்களுக்கும் அதில் இடம் இருக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பணம் கட்டி இந்த ஆற்றில் பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் அந்த முடிவில் ஒரு சிறு ஓட்டு இருக்கிறது. அதைப் போடக் கரையில் இறங்க வேண்டும்.